இடம் மாறும் ஆபத்து, இடம் மாறாத நிலையம்

தீயணைப்பு நிலையத்தை ஒரு முறை கட்டிவிட்டால் ஐம்பது ஆண்டு, சில ஊர்களில் நூறு ஆண்டுக்கு மேல், அது அதே இடத்தில் நிற்கும். சுற்றியுள்ள ஊர் அப்படி நிற்பதில்லை. ஓட்டு வீடுகள் இடிபட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. ஆலை மூடப்பட்டு அந்த இடத்தில் வணிக வளாகம் வருகிறது. பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போய்விட, ஒரு தெரு முழுக்க வயதானவர்கள் தனித்தனி வீடுகளில் இருக்கிறார்கள். நிலையம் எங்கே இருக்க வேண்டும், அங்கே எத்தனை வண்டிகள் நிற்க வேண்டும், எந்த நேரத்தில் எத்தனை வீரர்கள் பணியில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் தீயணைப்புப் பாதுகாப்புத் திட்டமிடல். யார் எங்கே வாழ்கிறார்கள், எந்த வகைக் கட்டடத்தில் வாழ்கிறார்கள், எங்கிருந்து எந்த நேரத்தில் அழைப்பு வருகிறது, சாலை எப்படி இருக்கிறது என்பவற்றின் தொகுப்பைச் சமூக இடர்த் தரவு என்கிறார்கள். இந்தத் தரவு ஆண்டுதோறும் மாறுகிறது. மாறும் தரவைக் கொண்டு மாறாத கட்டடங்களைத் திட்டமிடுவது எப்படி என்பதே இத்துறையின் மையக் கேள்வி.

இதில் நிமிடக் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைத் தீயின் இயல்பிலிருந்து தொடங்க வேண்டும். மூடிய அறையில் பற்றிய தீ முதலில் ஒரு பொருளில்தான் எரியும். சூடான புகை கூரையடியில் திரண்டு, அதன் வெப்பம் கீழே இறங்கி, ஒரு கட்டத்தில் அறையிலுள்ள எல்லாப் பொருளும் ஏறத்தாழ ஒரே நொடியில் பற்றிக்கொள்ளும். அதன் பிறகு அந்த அறையில் யாரும் உயிரோடு இருக்க முடியாது. அமெரிக்காவின் யூ.எல். ஆய்வகம் இரண்டு வரவேற்பறைகளை அமைத்து எரித்துப் பார்த்தது. பழைய பாணியில் மரம், பருத்தி, கம்பளி கொண்டு அமைத்த அறை இந்தக் கட்டத்தை எட்ட ஏறத்தாழ அரை மணி நேரம் ஆனது. செயற்கை நுரை மெத்தை, செயற்கை இழைத் துணி நிறைந்த இன்றைய அறைக்கு 5 நிமிடம்கூட ஆகவில்லை. நிலையமும் வண்டியும் சாலையும் அப்படியே இருந்தாலும், வீட்டுக்குள் இருக்கும் சோபா மாறியதாலேயே வீரர்களுக்குக் கிடைக்கும் நேரம் சுருங்கிவிட்டது. ஆபத்து மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

இந்தக் கேள்வியோடு மிக நீண்ட காலம் மல்லுக்கட்டிய நாடு பிரிட்டன். 1936-ல் ரிவர்டேல் குழு வித்திட்டு, பின்னர் 1958-லும் 1985-லும் திருத்தப்பட்ட அங்குள்ள பழைய தர நிர்ணயம் நிலப்பகுதியை நான்கு வகையாகப் பிரித்தது. பெருநகர மையங்களும் நெருக்கமான தொழிற்பகுதிகளும் ‘ஏ’ வகை. அங்கே 5 நிமிடத்துக்குள் இரண்டு வண்டிகளும் 8 நிமிடத்துக்குள் மூன்றாவதும் சேர வேண்டும். ‘பி’ வகையில் 5 நிமிடத்தில் ஒன்று, 8 நிமிடத்தில் இன்னொன்று. வீடுகள் நிறைந்த புறநகர் ‘சி’ வகை. அங்கே 8 முதல் 10 நிமிடத்துக்குள் ஒரு வண்டி போதும். கிராமப்புறமான ‘டி’ வகைக்கு 20 நிமிடம்.

எளிமையும் தெளிவும் உள்ள முறை இது. யார் வேண்டுமானாலும் வரைபடத்தைப் பார்த்து, தம் தெருவுக்கு எத்தனை நிமிடத்தில் வண்டி வர வேண்டும் என்று கேட்க முடிந்தது. அந்த உரிமையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் இந்த வகைப்பாடு அளந்தது கட்டடங்களின் நெருக்கத்தையும் சொத்தின் மதிப்பையும். ஒரு கட்டடத் தீ அடுத்ததற்குத் தாவி நகரமே எரிந்துவிடும் என்ற பழைய அச்சத்திலிருந்து பிறந்த முறை அது. மனிதர்கள் சாவதோ பெரும்பாலும் வீடுகளில், இரவு நேரத்தில், ‘சி’ வகைப் பகுதியில். ஆளில்லாத அலுவலகக் கட்டடத்துக்கு நள்ளிரவில் இரண்டு வண்டிகள் 5 நிமிடத்தில் விரைய, குழந்தைகள் உறங்கும் வீட்டுக்கு ஒரே வண்டி 10 நிமிடத்தில் வந்தால் போதும் என்றாகிவிட்டது. தணிக்கை ஆணையம் 1995-ல் வெளியிட்ட அறிக்கை இந்தக் குறையைச் சுட்டியது. சம்பளப் போராட்டத்தால் தீயணைப்பு வீரர்கள் வேலைநிறுத்தம் செய்த 2002-ல், சர் ஜார்ஜ் பெயின் தலைமையிலான குழு பழைய முறையைக் கைவிடவே பரிந்துரைத்தது. 2004-ஆம் ஆண்டின் தீயணைப்பு மீட்புப் பணிகள் சட்டத்தோடு நாடு முழுமைக்குமான தர நிர்ணயம் போய்விட்டது. அதற்குப் பதில் ஒவ்வொரு தீயணைப்பு அமைப்பும் தன் பகுதியின் ஆபத்தைத் தானே ஆராய்ந்து திட்டம் வகுக்க வேண்டும், அது குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கானதாக இருக்க வேண்டும், மக்களின் கருத்தைக் கேட்ட பிறகே இறுதி செய்ய வேண்டும் என்ற முறை வந்தது.

புதிய முறையில் தரவு அடுக்கடுக்காகச் சேர்கிறது. கடந்த சில ஆண்டுகளின் அழைப்புகள் அடி அடுக்கு. அதன்மேல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வறுமைக் குறியீடு, வீட்டின் வகை, வாடகையா சொந்தமா என்ற விவரம். இவற்றோடு உடல்நலத் தரவும் சேர்ந்ததுதான் பெரிய திருப்பம். இங்கிலாந்தின் தேசிய சுகாதார அமைப்பு, மருத்துவரிடம் பதிவுசெய்துள்ள 65 வயதுக்கு மேற்பட்டவர்களின் பட்டியலைத் தீயணைப்பு அமைப்புகளோடு பகிர 2015-ல் ஒப்புக்கொண்டது. நோய் விவரம் அதில் இல்லை. யார், எங்கே என்பது மட்டுமே. தீயில் சாவோரின் விகிதம் முதியவர்களிடம், அதிலும் 80 வயதைத் தாண்டியவர்களிடம், மிக அதிகம் என்பதால் இந்த ஒரு பட்டியலே வீடு தேடிப் போக வழிகாட்டியது.

அப்படிப் போகும் வீரர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதைக் கவனித்தால் தரவு என்ற சொல்லுக்குப் பொருள் புரியும். நாற்காலியின் கைப்பிடியில் சிகரெட் சுட்ட கருந்தடம் இருக்கிறதா, ஒரே மின்பலகையில் எத்தனை கருவிகள் செருகப்பட்டிருக்கின்றன, நடைவழியில் பழைய செய்தித்தாள் குவிந்திருக்கிறதா, புகை எச்சரிக்கைக் கருவியின் மின்கலம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தோல் வறட்சிக்குத் தடவும் களிம்பைப் பற்றியும் கேட்கிறார்கள். நாள்தோறும் தடவும் களிம்பு படுக்கை விரிப்பிலும் உடையிலும் ஊறிவிடுகிறது. அந்தத் துணியில் தீப்பொறி பட்டால் வழக்கத்தைவிட வேகமாகப் பற்றிக்கொள்ளும். படுக்கையிலேயே கிடக்கும் புகைபிடிப்பவர் ஒருவருக்கு இந்தக் களிம்பு உயிராபத்து. எந்தக் கணக்கெடுப்பிலும் இல்லாத இந்த விவரம் வீட்டு வாசலைத் தாண்டியவருக்கு மட்டுமே தெரியும். அங்கேயே புகைக்கருவி பொருத்தி, பார்த்ததைப் பதிவுசெய்து திரும்புகிறார்கள். அடுத்த ஆண்டின் திட்டத்துக்கு அந்தப் பதிவும் ஒரு தரவு.

இங்கிலாந்தில் தீயணைப்பு வீரர்கள் சென்ற தீ விபத்துகள் 2003-04-ல் சுமார் 4.7 லட்சம். 2012-13-ல் அது சுமார் 1.5 லட்சமாகக் குறைந்தது. இந்தப் பெருமை முழுவதும் புதிய திட்டமிடலுக்குச் சேராது. 1988-ல் வந்த வீட்டு இருக்கைத் தீப்பாதுகாப்பு விதிகள், புகைக்கருவிகள் பரவியது, புகைப்பழக்கம் குறைந்தது எல்லாம் சேர்ந்த விளைவு அது. தீ குறைந்தபோது வேலையின் தன்மையும் மாறியது. இன்று அங்கு வரும் அழைப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பொய் எச்சரிக்கை. சாலை விபத்து, வெள்ளம், பூட்டிய வீட்டைத் திறப்பது போன்ற தீயல்லாத பணிகள் உண்மையான தீ விபத்துகளைவிடக் கூடிவிட்டன.

தீ குறைந்தால் நிலையமும் குறையலாமே என்ற கேள்வி இங்குதான் நிதித் துறையிடமிருந்து எழும். இதற்கு விடை சொல்லுமுன் இரண்டு தேவைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, எத்தனை அழைப்புகளைச் சமாளிக்க வேண்டும் என்பது. மற்றொன்று, எந்த இடத்திலிருந்து அழைப்பு வந்தாலும் எத்தனை நிமிடத்தில் சேர முடியும் என்பது. அழைப்பு பாதியானால் முதல் தேவை பாதியாகும். இரண்டாவது தேவை ஒரு நூலிழைகூடக் குறையாது. வருடத்துக்கு ஒரே தீ என்றாலும் அந்த வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையிலுள்ள தூரம் அதேதான்.

தூரத்துக்கும் நிலைய எண்ணிக்கைக்கும் உள்ள உறவை 1973-ல் பீட்டர் கோலசர், எட்வர்ட் பிளம் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு எளிய விதியாகத் தந்தார்கள். வண்டி கடக்க வேண்டிய சராசரித் தூரம், பரப்பளவை வண்டி நிற்கும் இடங்களின் எண்ணிக்கையால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பது அந்த விதி. தூரத்தைப் பாதியாக்க வேண்டுமானால் நிலையங்களை நான்கு மடங்காக்க வேண்டும். ஒரு பகுதியில் 16 நிலையங்கள் இருந்து ஒன்றை மூடினால் சராசரித் தூரம் 3 சதவீதம்தான் கூடும். 4 இருக்கும் இடத்தில் ஒன்றை மூடினால் 15 சதவீதம் கூடும். ஆகவே நிலையங்கள் நெருக்கமாக இருக்கும் பகுதியில் ஒன்றை எடுத்துவிட்டால் பெரிய இழப்பில்லை என்று கணக்கு சொல்லும். அந்த ‘எண்ணிக்கை’ அந்த நேரத்தில் நிலையத்தில் தயாராக நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கை என்பதை மறந்தால்தான் விபரீதம். 16 வண்டிகளில் 12 வேறு அழைப்புகளுக்குப் போயிருந்தால் அந்தப் பகுதி நான்கே நிலையம் உள்ள பகுதிதான். தூரம் இரண்டு மடங்காகிவிடும்.

இந்த விதி பிறந்த நியூயார்க் நகரமே அதன் விலையையும் கொடுத்தது. 1960-களில் அங்கு தீ அழைப்புகள் பல மடங்காயின. மேயர் ஜான் லிண்ட்சேயின் நிர்வாகம் 1968-ல் ராண்ட் ஆய்வு நிறுவனத்தை அழைத்தது. தீயணைப்புத் துறையில் கணிதத்தை இவ்வளவு பெரிய அளவில் பயன்படுத்திய முதல் முயற்சிகளில் அது ஒன்று. நல்ல பலன்களும் கிடைத்தன. பெரிய தீக்கு ஒரு பகுதியின் வண்டிகள் எல்லாம் போய்விட்டால் காலியான நிலையத்துக்கு எங்கிருந்து எதை நகர்த்துவது என்று கணினி சொல்லும் முறை அங்கே உருவானது. இன்று உலகின் பல கட்டுப்பாட்டு அறைகளில் இயங்கும் மென்பொருள்களின் மூதாதை அது.

ஆனால் 1972 முதல் நகரம் தீயணைப்புக் குழுக்களை மூடத் தொடங்கியது. 1975-ன் நிதி நெருக்கடி அதை விரைவுபடுத்தியது. மூடப்பட்டவற்றில் பல தென் பிராங்க்ஸ் போன்ற ஏழைப் பகுதிகளில் இருந்தவை. அங்கே நிலையங்கள் நெருக்கமாக இருந்தன, ஆகவே தூரக் கணக்கில் அவை ‘உபரி’யாகத் தெரிந்தன. அதே பகுதிகளில்தான் அழைப்பும் மிக அதிகம், வண்டிகள் நிலையத்தில் நிற்க நேரமே இல்லை. 1970-க்கும் 1980-க்கும் இடையில் பிராங்க்ஸ் பகுதியின் ஏழு கணக்கெடுப்பு வட்டாரங்கள் தீயாலும் கைவிடப்பட்டதாலும் 97 சதவீதத்துக்கு மேற்பட்ட கட்டடங்களை இழந்தன. வீட்டு உரிமையாளர்கள் கைகழுவியது, வங்கிகள் கடன் மறுத்தது, காப்பீட்டுத் தொகைக்காகத் தீவைத்தது எனப் பல காரணங்கள் அதற்கு உண்டு. மூடல் மட்டுமே காரணம் என்று எவரும் சொல்ல முடியாது. எனினும் டெபோரா வாலஸ், ரோட்ரிக் வாலஸ் இணையரும் பின்னாளில் ஜோ ஃபிளட் என்ற எழுத்தாளரும் எழுப்பிய கேள்வி இன்றும் நிற்கிறது. ஆபத்து வேகமாக ஏறிக்கொண்டிருந்த இடத்தில், அது நிலையாக இருப்பதாகக் கொண்டு செய்த கணக்கை நம்பிப் பாதுகாப்பை எடுத்தது எப்படி நியாயம்? எரிந்த தெருவில் மக்கள் இல்லை, மக்கள் இல்லாத தெருவில் அழைப்பு இல்லை, அழைப்பு இல்லாததால் நிலையம் தேவையில்லை என்ற சுழலில் தரவு மாட்டிக்கொள்ளும். முடிவே தரவை மாற்றிவிடும் இந்த ஆபத்தை எந்தத் திட்டமும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

லண்டனில் 2014 ஜனவரி 9-ஆம் தேதி ஒரே நாளில் பத்து நிலையங்கள் மூடப்பட்டன. 1872-ல் தொடங்கிய கிளார்க்கன்வெல் நிலையமும் அவற்றில் ஒன்று. முதல் வண்டி சராசரியாக 6 நிமிடத்துக்குள், இரண்டாவது 8 நிமிடத்துக்குள் என்பது லண்டனின் இலக்கு. மூடிய பிறகும் நகரச் சராசரி இலக்குக்குள்ளேயே நின்றது. ஆனால் மூடப்பட்ட நிலையங்களைச் சுற்றியிருந்த பகுதிகளில் காத்திருக்கும் நேரம் கூடியது. சராசரி என்ற அளவுகோலின் பலவீனம் இது. பத்து அழைப்புகளில் ஒன்பதுக்கு 5 நிமிடத்திலும் ஒன்றுக்கு 14 நிமிடத்திலும் வண்டி போனால் சராசரி 5.9 நிமிடம். இலக்கு நிறைவேறியதாகப் பதிவாகும், 14 நிமிடம் காத்திருந்த குடும்பம் அந்தப் பதிவில் இல்லை. அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 1710 என்ற தரம் இதைத் தவிர்க்கிறது. முதல் வண்டி 240 நொடிப் பயணத்தில் சேர வேண்டும், அதுவும் பத்தில் ஒன்பது அழைப்புகளுக்காவது அப்படி நடக்க வேண்டும் என்கிறது. சராசரியைக் காட்டும் எந்த அறிக்கையிலும் இந்தப் பத்தில் ஒன்பது கணக்கையும், அது பகுதி வாரியாக எப்படி வேறுபடுகிறது என்பதையும் கேட்டுப் பெற வேண்டும்.

ஆபத்து இடத்தோடு நேரத்திலும் மாறுகிறது. வணிகத் தெருவில் பகலில் இருக்கும் கூட்டம் இரவில் குடியிருப்புக்குப் போய்விடுகிறது. இங்கிலாந்தின் கிராமப்புற நிலையங்கள் பலவற்றில் வேறு தொழில் செய்துகொண்டே அழைப்பு வந்தால் ஓடிவரும் பகுதிநேர வீரர்கள்தான் இருக்கிறார்கள். அவர்கள் பகலில் வெளியூர் வேலைக்குப் போகத் தொடங்கியதால், வரைபடத்தில் இருக்கும் நிலையம் பகல் நேரத்தில் ஆளின்றி இருப்பது வாடிக்கையாகிவிட்டது. பருவத்தோடு மாறும் ஆபத்துக்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. தீபாவளிக்குச் சென்னையில் நிலையங்களுக்கு வெளியே, நெருக்கமான பகுதிகளில் தீயணைப்பு வண்டிகளைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பது தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையின் வழக்கம். ராக்கெட் வெடி கூரையில் விழும் இரவு எது என்று நாட்காட்டியே சொல்லிவிடுகிறது. இடர்த் தரவைக் கொண்டு வண்டியை நகர்த்துவது என்பதன் எளிய, சிறந்த வடிவம் இதுதான்.

நாட்காட்டி சொல்லாத நாட்களும் வருகின்றன. 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் வெப்பம் முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டியது. காய்ந்த புல்வெளிகளிலிருந்து தீ லண்டன் விளிம்பிலுள்ள வெனிங்டன் சிற்றூரின் வீடுகளுக்குள் புகுந்தது. வழக்கமாக நாளுக்கு 350 அழைப்புகள் பெறும் லண்டன் தீயணைப்புப் படைக்கு அன்று 2,670 அழைப்புகள் வந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதுவே மிகக் கடுமையான நாள். கடந்த பத்தாண்டு அழைப்புகளை மட்டும் வைத்துச் செய்த எந்தக் கணக்கிலும் அந்த நாள் இல்லை.

மின்சைக்கிளின் லித்தியம் மின்கலமும் இப்படித்தான் வந்தது. நியூயார்க்கில் இவ்வகை மின்கலங்களால் 2019-ல் 30 தீ விபத்துகள், 2023-ல் 268. அந்த ஓராண்டில் 18 பேர் இறந்தார்கள். உணவு கொண்டுசேர்க்கும் தொழிலாளர்கள் நெருக்கமாகத் தங்கும் வீடுகளில் இரவெல்லாம் மின்னேற்றம் நடக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வரைபடம் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அரிதாக வந்து பேரழிவு செய்யும் தீ இன்னொரு வகை. 2017 ஜூன் 14 அன்று லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில் பற்றிய தீயால் 72 பேர் இறந்தார்கள். வெளிச்சுவரில் பதித்த எரியும் பொருள் எந்தெந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்ற பட்டியல் அதற்குமுன் தீயணைப்புப் படையின் கையில் இல்லை. உயர்ந்த குடியிருப்புகளின் வெளிச்சுவர் விவரத்தைப் பொறுப்பாளர்கள் தீயணைப்பு அமைப்புக்குத் தர வேண்டும் என்ற விதி 2023 ஜனவரியில்தான் அங்கு நடைமுறைக்கு வந்தது. நிகழ்ந்தவற்றின் எண்ணிக்கை ஒருபோதும் சொல்லாததைக் கட்டடத்தின் பொருளும் உயரமும் சொல்லும்.

கணினிக் கணிப்பு இந்த இடைவெளியைக் குறைக்க உதவுகிறது. அட்லாண்டா நகரத் தீயணைப்புத் துறைக்காக 2016-ல் வெளியான ஃபயர்பேர்ட் என்ற முறை 5,000-க்கும் மேற்பட்ட வணிகக் கட்டடங்களுக்கு ஆபத்து மதிப்பெண் இட்டது. எரிந்த கட்டடங்களில் 71 சதவீதம் வரை அது முன்கூட்டியே அடையாளம் கண்டது. அதைவிடப் பயனுள்ளதாகச் சொல்ல வேண்டியது, ஆய்வுக்கு உட்பட வேண்டியும் பட்டியலில் இல்லாதிருக்கக்கூடிய 6,096 கட்டடங்களை அது கண்டுபிடித்தது. ஆனால் கணிப்பு தனக்குத் தெரிந்த தரவைத் தாண்டிப் பார்க்காது. அணைத்துவிட்டு யாரையும் அழைக்காமல் விடும் சிறு தீ எந்த நாட்டிலும் பதிவாவதில்லை. அதிகாரிகளைக் கண்டு அஞ்சும் குடியிருப்பிலிருந்து அழைப்பு வராது. வராத அழைப்பை ஆபத்தின்மை என்று கணினி படித்துவிடும். ஆகவே இத்தகைய தரவை முதலில் தடுப்புப் பணிக்கும், அடுத்து வண்டிகளை நகர்த்துவதற்கும் பயன்படுத்த வேண்டும். நிலையத்தை மூடும் முடிவுக்கு அதைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். புகைக்கருவி பொருத்தப் போன வீடு தவறான வீடாக இருந்தால் ஒரு மணி நேரம் வீண். மூடிய நிலையம் தவறான நிலையமாக இருந்தால் அதைத் திரும்பத் திறக்க இடமும் பணமும் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே கேள்வி எதை மூடுவது என்பதில் இல்லை, புதிய நிலையங்களை எங்கே திறப்பது என்பதில் இருக்கிறது. மாநிலங்களின் தீயணைப்புப் பணிகளை விரிவாக்க ஒன்றிய அரசு 2023-ல் 5,000 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. அந்தப் பணத்தில் எழும் ஒவ்வொரு நிலையமும் இன்னும் அரை நூற்றாண்டு அங்கேயே இருக்கும். ஊர் மாறும் வேகமோ கண்கூடு. தமிழ்நாட்டில் கோடைத் தீ என்றால் ஒரு காலத்தில் கூரை வீடுகளின் தீதான். ஒரு குடிசையில் பற்றியது காற்றடித்தால் தெருவையே கொண்டுபோகும். வீட்டுவசதித் திட்டங்களால் கூரைகள் கான்கிரீட்டாக மாறிய ஊர்களில் அந்த ஆபத்து இறங்கி, மின்கசிவும் கிடங்குத் தீயும் அடுக்குமாடியில் ஏணி எட்டாத உயரமும் முன்னால் வந்திருக்கின்றன. கூரை மாறாத தெருக்களும் இன்னும் இருக்கின்றன. எது எங்கே என்று தெரியாமல் நிலையத்துக்கு மனை தேடுவது இருட்டில் தடவுவதுதான்.

அதைத் தெரிந்துகொள்ளப் புதிய ஆய்வு எதையும் தொடங்கத் தேவையில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியல் பகுதி ஒவ்வொரு வீட்டிலும் கூரை எதனால் ஆனது, சுவர் எதனால் ஆனது, வெளிச்சம் எதிலிருந்து, சமையல் எந்த எரிபொருளில் என்று கேட்கிறது. தீயணைப்புத் துறை கேட்க வேண்டிய கேள்விகள் அவை. தனி வீட்டின் விடை சட்டப்படி ரகசியம். கிராமம், நகர வார்டு வாரியான தொகுப்பு பொதுவில் வெளியாகிறது, நிலையத்துக்கு இடம் தேர அதுவே போதும். இப்போது கையிலுள்ளது 2011-ன் கணக்கு, அடுத்தது 2027-க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்த அட்டவணைகள் வெளிவந்ததும் ஒவ்வொரு மாவட்டத் தீயணைப்பு அலுவலகமும் அவற்றைத் தன் அழைப்புப் பதிவேட்டோடு வார்டு வாரியாக ஒப்பிட்டு, அந்த வரைபடத்தை மக்கள் பார்க்க வெளியிட வேண்டும். புதிய நிலையத்துக்கான மனை அதற்குப் பிறகு முடிவாகட்டும்.